பத்து யார்டு தள்ளி

“கொடிகிட்ட நிக்காதே. பத்து யார்டு தள்ளி நில்லு. நான் கேக்கறது அவ்வளவுதான்.”

போட்டிச் செயலாளர் சில்வஸ்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காலையில் இதே சிரிப்போடுதான், “கோல்ஃப் நேர்மையானவங்க ஆடற ஆட்டம்” என்று மைக்கில் கால் மணி நேரம் பேசியிருந்தார்.

மாரியாயி தோளில் இருந்த மட்டைப் பையை இறக்காமலே நின்றாள். ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், தூரம் சொல்ல வேண்டும், மட்டை எடுத்துத் தர வேண்டும். ஊட்டியில் ஒன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு.

“தப்புங்க சார்.”

“அடுத்த மாசம் உன் பேட்ஜைப் புதுப்பிக்கணும் இல்ல? கையெழுத்துப் போடறது நான்தான்.”

மாரியாயி குனிந்து, ஸ்வெட்டரில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தாள். தேவாலாவில் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வந்தவள். திரும்பிப் போனால் அங்கே தொழிலாளர்களுக்குத் தரும் லைன் வீடுகூடக் கிடையாது.

“பத்து யார்டு தானுங்களே?”

“பத்தே யார்டு.”

“சரிங்க சார்.”

ஆயிற்று. ஒரு பேட்ஜுக்கு மனசாட்சியைக் கொடுத்தாயிற்று. வேறென்ன சொல்ல?

விஷயம் இதுதான். மாநில அணியில் ஒரே ஓர் இடம். கடைசி நாள், கடைசிக் குழி. சில்வஸ்டரின் மகள் ஜூடித் ஆடி முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் ஆன்சிக்குத்தான் மாரியாயி பை தூக்குகிறாள். ஆன்சி இன்னும் இரண்டே தடவை அடித்துப் பந்தைக் குழியில் போட்டால் இடம் ஆன்சிக்கு. ஒன்று கூடினாலும் ஜூடித்துக்கு.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கிவிட்டது. கொடியும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை.

பனி இறங்கினால் இந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பை தூக்குகிறவர் கொடியருகே போய்க் குரல் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். ஆட்டக்காரர் குரல் வந்த திசையில் அடிப்பார். அந்தக் குரலைத்தான் சில்வஸ்டர் பத்து யார்டு நகர்த்தச் சொன்னார்.

மாரியாயி திரும்பி வந்தபோது ஆன்சி கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு தூரம்க்கா?”

“நூத்தி முப்பதுங்க டீச்சர். எட்டாம் நம்பர் மட்டை போதும்.”

“பயமா இருக்குக்கா. காலைல இருந்து அப்ரோச் ஷாட் ஒண்ணுகூட உருப்படியா விழல.”

கொடியருகே பந்தைக் கொண்டுபோய் இறக்குகிற அடிக்கு அப்ரோச் என்று பெயர். அதுவரை எவ்வளவு பிரமாதமாக அடித்திருந்தாலும் இதில் கோட்டைவிட்டால் எல்லாம் போச்சு.

“ஏழாவது குழில மணல்ல விழுந்துச்சு. பன்னெண்டுல பள்ளத்துல. எல்லாம் வலப்பக்கமே போவுது.”

“அப்ப கொஞ்சம் இடப்பக்கமா குறி வெச்சு...”

“ஐயோ, வேண்டாம்க்கா! அப்படி நெனச்சாலே கை கட்டிப்போயிருது. பதினஞ்சுல நீங்க சொன்னீங்கன்னு இடப்பக்கம் குறி வெச்சுதானே புதருக்குள்ள அடிச்சேன்? உங்க குரலுக்கு நேராவே அடிக்கிறேன். கொடிகிட்டதானே நிப்பீங்க?”

மாரியாயி மட்டையைத் துடைத்துக் கொடுத்தாள்.

“வேற எங்கீங்க டீச்சர் நிக்கப்போறேன்?”

கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னாள். ஆன்சி நம்பித் தலையாட்டினாள்.

மாரியாயி பனிக்குள் நடந்தாள். கொடி இருந்த புல்தரை ஓரத்தில் சில்வஸ்டர் குடையோடு காத்திருந்தார். அவள் கொடிவரைக்கும் போனாள். ஒரு நிமிஷம் அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு எண்ணி எண்ணிப் பத்து யார்டு தள்ளிப் போனாள்.

சில்வஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“டீச்சர்ர்ர்! இங்கீங்க! இங்க!”

“சரிக்கா!” என்று பனிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

மாரியாயி ஓடிவந்து சில்வஸ்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

‘டக்’ என்று மட்டை பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. பந்து மேலே இருக்கிறதா, எங்கே வருகிறது, எதுவும் தெரியவில்லை. மாரியாயி பேட்ஜை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தொப்!

வெள்ளைப் பந்து புல்லில் விழுந்து, ஒரு குதி குதித்து, கொஞ்சம் உருண்டு நின்றது. கொடிக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இருக்கும்.

காலையிலிருந்து மாறாத சில்வஸ்டரின் சிரிப்பு அப்போதுதான் காணாமல் போனது.

ஓடிவந்த ஆன்சிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. லேசாகத் தட்டினாள். பந்து குழிக்குள் விழுந்தது. மாரியாயியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

“நீங்க கொடிகிட்ட நின்னு கூப்பிட்டதாலதான்க்கா!”

மாரியாயி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆன்சி அந்தப் பக்கம் போனதும் சில்வஸ்டர் நெருங்கி வந்தார்.

“என்னையே ஏமாத்திட்டே இல்ல? கழட்டு பேட்ஜை!”

மாரியாயி பேட்ஜைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

“இந்தாங்க சார். ஆனா நான் ஏமாத்தலீங்க. நீங்க சொன்னபடி பத்து யார்டு தள்ளித்தான் நின்னேன், நீங்களே பாத்தீங்க. டீச்சருக்குப் பதட்டம் வந்தா பந்து எப்பவும் பத்து யார்டு வலப்பக்கம் போகுமுங்க. அதனால நான் இடப்பக்கமாத் தள்ளி நின்னுட்டேன். எந்தப் பக்கம்னு நீங்க சொல்லவேயில்லீங்களே!”