சிவப்பு ரெண்டு, பச்சை ஒண்ணு

“செவப்பு ரெண்டு, பச்சை ஒண்ணு, மறுபடி செவப்பு ரெண்டு” என்று சுற்றிக்காட்டும் பெண் கூவிக் காட்டினாள்.

அப்பாவின் கைகள் அசைந்தன.

மடியில் கிடந்த கைகள். இடது கை இல்லாத நூலைப் பிரித்துப் பிடித்தது. வலது கை இல்லாத கம்பளியைச் சுற்றி, இழுத்து, சுண்டி அறுத்தது.

அவர் மகள் பார்த்துவிட்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

இன்னும்.

பழைய ஜெயிலை மூடி அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். இந்த நீளக் கூடத்தில்தான் அந்தக் காலத்தில் கைதிகள் கம்பளம் செய்தார்கள் என்றாள் சுற்றிக்காட்டும் பெண். ஒருவர் படத்தைப் பார்த்து நிறங்களைக் கூவுவாராம். தறிக்கு முன்னால் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நிறத்தில் முடிச்சுப் போடுவார்களாம். போட்டதும் எல்லோரும் சேர்ந்து “ஆச்சு” என்பார்களாம்.

“எல்லாம் கையாலேயா? அடேயப்பா” என்றாள் சம்பந்தியம்மா.

அவளுடைய மகளுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். இரண்டு வீட்டாருமாகப் பட்டு எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், சம்பந்தியம்மாதான் பெயர்ப்பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். “நான் வண்டியிலேயே இருக்கேனேம்மா” என்றார் அப்பா. சம்பந்தியம்மா விடவில்லை. கையைப் பிடித்து இறக்கி, படியில் தாங்கி அழைத்து வந்தாள்.

நல்ல மனுஷி. அதுதான் தொந்தரவு.

அவர்களிடம் சொல்லியிருப்பது, அப்பா ஏழு வருடம் பம்பாயில் மில்லில் இருந்தார் என்று. கணவனிடம் சொன்னதும் அதுதான். சின்ன வயதில் அவளுக்குச் சொல்லப்பட்டதும் அதுதான். வரப்புத் தகராறு, அரிவாள், செத்துப்போன பங்காளி, இந்த ஊர் ஜெயில், எல்லாம் அம்மா சாகக் கிடந்தபோது சொன்னது.

கம்பளத்தைப் பற்றி அம்மா சொல்லவில்லை. அம்மாவுக்கே தெரியாதோ என்னவோ.

அப்பாவும் அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

“நீலம் மூணு.”

கைகள் மூன்று முடிச்சுப் போட்டன. உதடு சத்தமில்லாமல் ஆச்சு என்றது.

சம்பந்தியம்மா இந்தப் பக்கம் திரும்பப் போனாள். ஜெயிலுக்குப் போனவன் பேத்தி என்பார்கள். அந்தப் பேச்சு எந்த அத்தையிடம் ஆரம்பித்து எந்தச் சித்தியிடம் போய் நிற்கும் என்றுகூட இவள் யோசித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஊரே பேசும்.

எழுந்து போய்த் தன் கைப்பையை அப்பாவின் மடியில் வைத்தாள். கைகளின் மேலேயே வைத்தாள்.

“இதைக் கொஞ்சம் வச்சிருங்கப்பா.”

பைக்கு அடியில் கைகள் நின்றன.

அப்பா நிமிர்ந்தார்.

தன் கைகளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தூணுக்கு மாற்றிக்கொண்டாள். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். எப்போதிருந்தோ தெரியும்.

பஸ்ஸில் யாரோ கொடுத்த குழந்தையை வைத்துக்கொள்வதுபோலப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

சீ, என்ன காரியம் செய்தோம் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் பையை எடுக்கவில்லை.

“யாராவது ஒரு முடிச்சுப் போட்டுப் பாக்குறீங்களா?” என்றாள் சுற்றிக்காட்டும் பெண். கண் ஒவ்வொருவராகத் தேடி அப்பாவிடம் வந்து நின்றது. “தாத்தா, நீங்க வாங்களேன்.”

“அவருக்கு முடியாதுங்க” என்றாள் அவள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

“அட, சும்மா ஒண்ணே ஒண்ணு. போங்கய்யா, நான் ஃபோட்டோ எடுக்கறேன்” என்று சம்பந்தியம்மா பையை வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா தறியை நோக்கி நடந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு பலகை.

“எங்கம்மா உக்காரணும்?” என்று கேட்டார்.

கம்பளித் துண்டைக் கையில் கொடுத்தார்கள். தலைகீழாகப் பிடித்தார். ஒரே நூலில் சுற்றினார். நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி சுற்றினார். இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தங்கை களுக்கென்று சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். “இப்படித் தாத்தா. ரெண்டு நூலையும் சேத்துப் பிடிங்க. உள்ள விட்டு, வெளிய எடுத்து, கீழ இழுங்க.”

“அப்படியா” என்றார் அப்பா.

மூன்றாவது தடவையும் அவிழ்ந்தது.

“இது எனக்கு வராதும்மா.”

“பரவால்ல தாத்தா. முதல் தடவை யாருக்குமே வராது.”

“ஐயா, இங்க பாருங்க” என்று சம்பந்தியம்மா ஃபோனைத் தூக்கினாள்.

அப்பா அங்கே பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் மகளைத் தேடினார். கண்டுபிடித்து, சரியா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.