பத்து வருஷம் தாங்குமா?

ஸ்ரீராம்புரத்துக் காந்தாவுக்குப் பரீட்சை முடிவு வருகிற நாள்போலப் படபடப்பு. வளைந்திருந்த அவள் கால் எலும்பைத் தொண்ணூற்று மூன்றில் வெட்டி நிமிர்த்திய டாக்டர் ஸ்ரீஹர்ஷா, "பத்து வருஷம் தாங்கினாத்தான் ஆபரேஷன் ஜெயிச்சதுன்னு சொல்வேன்" என்றிருந்தார். இன்றோடு கெடு முடிந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

"சென்னாகிதேம்மா! ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் பல வருஷம் தாங்கும்."

"சத்தியமா சார்?"

"சத்தியமா. ஒரு காலுக்கு இவ்ளோ சந்தோஷமா!"

"என் காலுக்காக இல்ல சார்!"

சிரிப்பை அடக்க முடியாமல் காந்தா கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில், வில்லாக வளைந்த கால்களோடு அவள் கணவர் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார்.

"வலியில ராத்திரியெல்லாம் அனத்துறாரு. ஆபரேஷனுக்கு வாங்கன்னா, 'மொதல்ல உன் கால் பத்து வருஷம் தாங்கட்டும், அப்புறம் என் காலைக் காட்டுறேன்'னு சவால் விட்டாரு சார்!"

அதைக் கேட்டதும் கோவிந்தன் எழுந்து, விந்தி விந்தி வாசலைப் பார்த்து ஓடினார்.

காந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் மனிதர் பிடிபட்டார்.

"சார், பெட் ரெடி பண்ணுங்க!"