பச்சையைக் காணோம்

"வாங்க, வாங்க! எல்லாரும் வந்து பாருங்க!"

எல்லாரும் என்றால் அண்ணியும் தங்கை சின்னுவும்தான். லேப்டாப்பைத் திருப்பி வைத்த அண்ணன் முகத்தில் கல்யாணக் களை.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாக வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவை, டிரைவரை அனுப்பி அன்று காலைதான் தன் வீட்டுக்கு வரவழைத்திருந்தார். வந்த அசதியில் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே சின்னுவும் வந்து நின்றாள்.

"அப்பா இனிமே என்கூட இருக்கட்டும்ணா."

அதில்தான் சண்டை.

"குரூப்ல ஒரு நாளாவது அப்பாவைப் பத்திப் பேசியிருக்கியா? இப்ப வந்து உரிமை கொண்டாடறே!"

"என்னண்ணா இது? நான் தினமும்..."

"நீ பேசாதே. கலர் பேசும்!"

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் பேச்சு முழுவதையும் தன் போனில் பதிந்திருந்த பெயர்களோடு அப்படியே லேப்டாப்பில் இறக்கி, எடிட்டரில் திறந்து வைத்திருந்தார். ஆபீஸில் மலைபோல் குவியும் கம்ப்யூட்டர் வரிகளுக்குள் தப்பைப் பிடிக்க அவர் செய்கிற வித்தை அது. தேடுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிடுவார்.

"இப்பப் பாரு! நான், நீலம்!"

தட்டினார். திரை முழுக்க நீலம் பூத்தது.

"அக்கா, மஞ்சள்! தம்பி, ரோஸ்!"

அண்ணி எட்டிப் பார்த்தாள். "உங்க நீலத்துல முக்கால்வாசி குட் மார்னிங்தானே இருக்கு?"

"அக்கறை இருக்கிறவன்தான் குட் மார்னிங் சொல்லுவான்! இப்ப வருது பாரு கிளைமாக்ஸ். சின்னு, பச்சை!"

தட்டினார். மேலிருந்து கீழே உருட்டினார். மறுபடி மேலே போனார். பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

"மாட்டினியா, கையும் களவுமா!" நாற்காலியை விட்டே துள்ளி எழுந்துவிட்டார்.

சின்னு குழப்பத்தோடு குனிந்து பார்த்தாள்.

"நிறமே இல்லாம இத்தனை வரி இருக்கேண்ணா? வெறும் போன் நம்பரோட?"

அண்ணி வாசித்தாள். "'அப்பா சாப்பிட்டார். வலி குறைஞ்சிருக்கு.' 'தூக்கம் வரலைன்னார், கால் பிடிச்சுவிட்டேன். இப்ப தூங்கறார்.' யாருங்க இது?"

"ஆஸ்பத்திரி நர்ஸ். தம்பிதான் குரூப்ல சேர்த்துவிட்டிருப்பான். தங்கமான பொண்ணு! பெத்த பொண்ணுக்கு இல்லாத அக்கறை அவளுக்கு இருக்கு."

சின்னு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், பக்கத்தில் அண்ணி நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன், பேச்சு வரலையா? இரு, அவளையே கூப்பிடறேன். நீ ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சியான்னு ஸ்பீக்கர்லயே கேட்டுடறேன்!"

"வேண்டாம்ணா." அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பா இங்கேயே இருக்கட்டும். நான் போயிடறேன். போன் மட்டும் பண்ணாதீங்க, அண்ணி முன்னாடி வேண்டாம்."

"அண்ணி முன்னாடி மானம் போகுதா? நல்லா போகட்டும்!"

திரையைப் பார்த்துப் பார்த்து, அந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாக போனில் அழுத்தினார்.

சோபாவில் கிடந்த சின்னுவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அண்ணிதான் போனை வெளியே எடுத்தாள். அதில் பெயர் மின்னிக்கொண்டிருந்தது: 'என் பெரியண்ணா'.