கறுப்பு மழைக்கோட்டு

ஆபத்து மணி விடாமல் அடித்தது. தீவில் இருந்த அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு ஏரியை நோக்கி ஓட, கிவும்பி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினான்.

"மேஜர் வேலியத் தாண்டிட்டான்! எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்குங்க! அவனுக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னாலே பயம்!" என்று கத்தினார் தலைமைக் காப்பாளர் ஒகெல்லோ.

துறையில் படகு இல்லை. மீட்டு வளர்க்கும் சிம்பன்சிகளைப் பார்க்க வந்த கூட்டம், செருப்பும் கைப்பையுமாக விக்டோரியா ஏரியில் இடுப்பளவு இறங்கி நின்றது.

மேஜர் என்ற அந்த முரட்டுச் சிம்பன்சியாவது, வெளியே வருவதாவது! எல்லாம் கிவும்பியும் நண்பன் லுபேகாவும் சேர்ந்து போட்ட திட்டம். லுபேகாவுக்கு இந்தச் சரணாலயத்தில்தான் வேலை.

காரணம், பட்டு உடையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நின்ற நமுதேபி அத்தை. கிவும்பி காதலிக்கும் நசூனாவை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று அவள் அப்பா முடிவு செய்ய முடியாது. அப்பாவின் அக்கா தலையசைக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

போன மாதம் பெண் வீட்டுக்குப் போனபோது, ஒரு சேவல் கொத்த வர, கிவும்பி சோபா மேல் ஏறி நின்றுவிட்டான். "கோழிக்குப் பயப்படறவனுக்கா எங்க பொண்ணு?" என்று அத்தை அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டாள். அதிலிருந்து அவனுக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை.

"அத்தை சாப்பிட உக்காந்ததும் நான் பெல் அடிக்கறேன். கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு புதருக்குள்ள உறுமறேன். நீ வந்து ஒரு அதட்டு அதட்டு, நான் கூண்டுக்குள்ள ஓடிடறேன். தூரத்துல இருந்து யாருக்குத் தெரியப்போவுது?" என்று லுபேகா சொல்லியிருந்தான்.

அத்தை இன்னும் சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்கவே இல்லை. பயல் கொஞ்சம் முந்திக்கொண்டான், போகட்டும்.

"ஐயோ, என் கூடை! வாழையிலையில பொதிஞ்ச கோழிய அப்படியே கரையில விட்டுட்டேனே!" என்றாள் அத்தை.

"நான் போய் எடுத்துட்டு வரேன், அத்தை."

"நீயா? உயிரோட இருந்த கோழிக்கே சோபா ஏறுனவன், செத்த கோழிக்காகவா சாகப் போற? பேசாம நில்லு."

நசூனா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "போகாத கிவும்பி. அத்தை சம்மதிக்கலன்னா பரவால்ல, நீ முழுசா இரு, போதும்."

அவனுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கரையேறினான்.

கூண்டுக்குப் பக்கத்துப் புதர் குலுங்கியது. உள்ளேயிருந்து ஒரு கல் பறந்து வந்து அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. கல்லெறிவது பேச்சிலேயே இல்லை!

கிவும்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரையில் கிடந்த அத்தையின் குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனான். இலைகளுக்கு நடுவே கறுப்பாகக் குனிந்த முதுகு தெரிந்தது.

"டேய், ரொம்பப் பண்ணாத. மண்டை உடைஞ்சிருந்தா நாளைக்கு எவன்டா மாப்பிள்ளை?" என்று கிசுகிசுத்தான். பிறகு அத்தைக்குக் கேட்கும்படி, "போடா உள்ள!" என்று கத்தி, முதுகில் குடையால் ஒன்று வைத்தான்.

புதருக்குள்ளிருந்து ஏரிக்கரையே அதிரும் ஓர் உறுமல் வந்தது. லுபேகாவுக்குள் இவ்வளவு பெரிய நடிகன் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று கிவும்பி வியந்தான். கூண்டுக்குள் கஞ்சி வாளி இருந்தது. "போ, போய்க் கஞ்சி குடி!" என்று இன்னொன்று வைத்தான்.

இலைகள் சரசரத்தன. கறுப்பு உருவம் குனிந்தபடியே கூண்டுக்குள் பாய, கிவும்பி அத்தை பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே கதவை இழுத்துத் தாழ்போட்டான். கல்லெறிந்ததற்குக் கொஞ்ச நேரம் உள்ளேயே கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒகெல்லோ ஓடி வந்து பூட்டைப் பூட்டிவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டார். "எங்க ஆளுங்களே அவன் கிட்டப் போக மாட்டாங்க தம்பி! குடையால அடிக்கறியே, நீ மனுஷனா?"

லுபேகா இவரிடமும் சொல்லிவைத்திருக்கிறான் போல, மனிதர் நன்றாகவே நடிக்கிறார் என்று கிவும்பி நினைத்தான். கூடையைக் கொண்டுபோய், கரையேறி வந்த அத்தையின் காலடியில் வைத்துவிட்டு மண்டியிட்டான்.

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பொதியைப் பிரித்து, கோழிக்கால் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாப்ள. உங்க பெரியவங்களக் கூட்டிக்கிட்டு சீக்கிரமா வீட்டுக்கு வாங்க."

நசூனா அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிவும்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் அக்கரையிலிருந்து படகு வந்து நின்றது. பலாப்பழ மூட்டையோடு லுபேகா குதித்தான். அவன் அக்குளில் கறுப்பு மழைக்கோட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஓட்டமாக வந்தவன் கிவும்பியின் காதோரம் குனிந்தான்.

"மன்னிச்சுக்கடா, எஞ்சின் நடு ஏரியில நின்னுபோச்சு. பெல்லை இப்ப அடிக்கட்டுமா?"