அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்

மகளின் பள்ளிக்கூடப் பையைத் துவைக்க எடுத்தவள், உள்ஜிப்பைத் திறந்து அப்படியே நின்றாள்.

நாப்கின் பாக்கெட். பாதி தீர்ந்திருந்தது.

அவள் வாங்குவது வேறு கம்பெனி.

ஹாலில் ஆதிரை தரையில் கவிழ்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது.

"எப்போடி?"

மகள் பாக்கெட்டைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"மூணு மாசமாச்சும்மா."

முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவளிடம் சொல்லாமல் மூன்று மாதமா? நாளும் நேரமும் குறித்துவைத்திருக்க வேண்டும். அத்தைமார் வந்து தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். எல்லாம் போயிற்று.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஸ்கூல்ல எது நடந்தாலும் உனக்குத்தான் போன் ஆப்ல வந்துருமே."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தது பிள்ளை.

"அன்னைக்கு நீ ஒண்ணுமே கேக்கல. சரி, இதுக்கு அவ்ளோதான் போலன்னு விட்டுட்டேன்."

வருகை, மதிப்பெண், கேன்டீனில் வாங்கியது, வேன் எந்தத் தெருவில் திரும்புகிறது. ஆபீசில் இருந்தபடியே செல்போனில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆதிரை ஓடிவந்து வாயைத் திறப்பாள்.

தெரியும், கணக்குல பதினெட்டு. போய் மூஞ்சி கழுவு.

தெரியும், வேன் லேட்டு. சாப்டியா?

எப்போது ஓடிவருவதை நிறுத்தினாள் என்று தெரியவில்லை. என் பெண் பரம சாது, இருக்கிற இடமே தெரியாது என்று ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நினைக்கவே கூசியது.

அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா பாத்துக்கிட்டா உன்ன?"

"வேன்ல வருவாங்கள்ல, ஆயாக்கா. அவங்க துப்பட்டாவ எடுத்து இடுப்புல கட்டிவிட்டாங்க. வயித்த வலிச்சா வெந்நி குடிக்கச் சொன்னாங்க. பாக்கெட்டும் அவங்கதான் வாங்கித் தர்றாங்க."

அந்த ஆயாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. காலையில் ஒரு தடவைகூட வாசலுக்கு இறங்கிப் போனதில்லை. வேன் வந்தது, பிள்ளை ஏறியது என்று செல்போனே சொல்லிவிடும்.

மகளின் தலையைக் கோதினாள். ஆதிரை நெளிந்தாள். பழக்கமில்லாத கை.

"ஒரு நாளு கேட்டாங்கம்மா. ஏன் கண்ணு, வீட்டுல உனக்கு அம்மா இருக்காங்களான்னு."

சொல்லிவிட்டு மகள் பச்சைப் பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.

அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.