ஒன்றரை பவுண்டு

"துப்பாக்கி எடை குறைஞ்சா சுடும்போது உதை கூடும் வெர்லீனம்மா. தோள்பட்டை கழண்டுடும்," என்றார் துப்பாக்கிக் கடைக்காரர் டுவைட்.

"என் தோள், என் பாடு. இந்த மரக்கட்டையைக் கழட்டிட்டு கார்பன் ஃபைபர் கட்டை போடு. முன்பிடியும் லேசானதா மாத்து. ஒன்றரை பவுண்டாவது குறையணும்."

வெர்லீனுக்கு எழுபத்திரண்டு வயது. சனிக்கிழமை கௌதாரி வேட்டை சீசன் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மலைகள் செங்குத்தானவை.

"இனிமே மலை ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே? ஊரே பேசுது."

"சொன்னாரு. முட்டி தேஞ்சுபோச்சாம், வீட்டோட கிடக்கணுமாம். பதிமூணு சீசன் ஏறின மலை. இந்த வருஷமும் ஏறியே தீரணும்."

"எதுக்கும்மா இந்த வீம்பு? வயசானா ஒத்துக்கணும்."

"நீ ஒத்துக்கோ. அந்தத் திருப்புளியை எடு முதல்ல."

டுவைட் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றித் தந்தார். வெர்லீன் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு, விறுவிறுவென்று தன் வண்டிக்கு நடந்தாள். நொண்டவே இல்லை.

டுவைட் குழப்பத்தோடு பின்னாலேயே போனார்.

வண்டிக்குள்ளிருந்து முகமெல்லாம் நரைத்த ஒரு வேட்டை நாயைத் தூக்கி முதுகுப்பையில் உட்காரவைத்து, பையை மாட்டிக்கொண்டாள் வெர்லீன். அவள் தோளுக்கு மேல் அது தலையை நீட்டியது.

"முப்பது பவுண்டு இருக்கான். அதான் துப்பாக்கியில குறைச்சேன்."

"அப்போ டாக்டர் சொன்னது..."

"இவனைத்தான். முட்டிதானே போச்சு டுவைட்? மூக்கு அப்படியேதான் இருக்கு!"