சத்தம் வராத தொட்டி

சுவரைத் தட்டிப் பார்த்தார் மீன்தொட்டிக்காரர் ஜொவீத்தோ. பிறகு பென்சிலால் பெரிய செவ்வகம் ஒன்றை வரைந்தார்.

"இவ்வளவையும் வெட்டி எடுத்துடலாம் சார். கூடத்துல உக்காந்து பாத்தா சுவத்துக்குள்ள கடல் இருக்கற மாதிரியே தெரியும்."

எஃப்ரென் தலையாட்டினார். அவர் மனைவி நெனித்தா சாப்பாட்டு மேஜையில் கன்னத்துக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். செபு நகரில் மழைக்கு முந்தைய புழுக்கம். மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளாகவே எஃப்ரெனுக்கு இதே பேச்சு. வேலை விட்டு வரும்போது மீன் ஏற்றுமதிக் கொட்டகைகளில் நின்று தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார். தட்டில் சோறு ஆறும்வரை அதையே சொல்லுவார்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவின் அறை. வருடக்கணக்காக அங்கேயே படுத்திருந்தவர், போன மழைக்காலத்தில் அங்கேயே கண்ணை மூடினார். ஆண்டு நினைவு ஜெபம்கூட இன்னும் வரவில்லை. அவள் கறுப்பு உடையைக் கழற்றவில்லை.

அதற்குள் அந்த அறையில் தண்ணீரை ஊற்ற இவருக்கு இத்தனை அவசரம்.

மூவரும் அறைக்குள் போனார்கள்.

"உப்புத்தண்ணி சமாச்சாரம் மேடம். அழகெல்லாம் முன்னாடி, வேலையெல்லாம் பின்னாடி," என்றார் ஜொவீத்தோ. "வடிகட்டற தொட்டி, பம்பு, தண்ணியக் குளிர வைக்கற மிஷின் எல்லாம் இங்கதான் வரும். தரை எப்பவும் ஈரமாவே இருக்கும். இந்தக் கட்டில எடுத்துடணும்."

கட்டிலில் அப்பாவின் மெத்தை. நடுவே அவர் உடம்பு விட்டுப்போன பள்ளம். நெனித்தா அதைப் பார்த்தாள். எஃப்ரென் அதைப் பார்க்கவில்லை.

"சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

வாசலில் வைத்தும் இதைத்தான் கேட்டார். கூடத்திலும் கேட்டார்.

வேறென்ன கேட்பார் என்று நினைத்துக்கொண்டாள் அவள். இந்த மனிதருக்கு எப்போதும் தன் தூக்கம்தான் பெரிது. அப்பா இருந்த காலமெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தவர்.

ஜொவீத்தோ சிரித்தார். "அதுக்குத்தானே சார் எல்லாரும் என்னைத் தேடி வர்றாங்க! குழாய்ல ஒரு வால்வு வெப்பேன். தண்ணி இறங்கறதே தெரியாது. பூசை முடிஞ்ச சர்ச்சு மாதிரி இருக்கும்."

எஃப்ரெனின் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப அந்த வால்வு வேண்டாம்."

"என்ன சார் நீங்க! அது இல்லன்னா ராத்திரி பூரா புடுபுடுன்னு கொதிக்கும். மேடம் என்னைத் துடைப்பத்தால அடிப்பாங்க."

"கொதிக்கட்டும்."

ஜொவீத்தோவின் சிரிப்பு நின்றது.

எஃப்ரென் கட்டிலின் தலைமாட்டில், எதுவும் இல்லாத மூலையைப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பாமல், தொட்டிக்காரரிடமே சொன்னார்.

"பெரியவருக்கு ஆக்சிஜன் மிஷின் வச்சிருந்தோம். அதுல ஒரு தண்ணி பாட்டில் இருக்கும். ராவும் பகலும் குமிழி விட்டுக்கிட்டே கெடக்கும். இந்த எழவு எப்பதான் நிக்குமோன்னு திட்டுவேன். நின்னுடுச்சு. அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

நெனித்தா கணவரைப் பார்த்தாள்.

இத்தனை மாதமும் இரவில் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்து, அந்தச் சத்தம் வந்துவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவள் அவள். அவர் அயர்ந்து தூங்குகிறார் என்றே நினைத்திருந்தாள்.

ஜொவீத்தோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்ன செய்யட்டும் என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

அவர் வந்ததிலிருந்து அவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எங்க ரூம்ல படுத்தா கேக்குமா?"